கணினியைத் திறந்ததும் நெட்வொர்க் டிரைவ் தயாராக இருக்க

வீட்டின் ஒரு மூலையில் நாஸ் பெட்டியோ (நெட்வொர்க்கில் இணைந்து கோப்புகளைச் சேமித்துப் பகிரும் கருவி) பழைய மேசைக்கணினியோ ஓடிக்கொண்டிருக்கிறது. குடும்பப் புகைப்படங்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள், பிள்ளைகளின் பாடக் காணொளிகள் எல்லாம் அதில்தான். மற்ற கணினிகளில் அது 'என்:' என்ற டிரைவாகத் தெரிய வேண்டும், ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கக் கூடாது. விண்டோஸில் அதற்கென ஒரு டிக் பெட்டியே இருக்கிறது. அதை டிக் செய்த பிறகும் மறுநாள் காலையில் "நெட்வொர்க் டிரைவ்கள் அனைத்தையும் மீண்டும் இணைக்க முடியவில்லை" என்று ஓர் அறிவிப்பு வரும். டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி நிற்கும். அதை இருமுறை சொடுக்கினால் உடனே திறந்துகொள்ளும்!

சொடுக்கினால் திறக்கிறது என்றால் முகவரியும் கடவுச்சொல்லும் சரிதான். நேரம்தான் தவறுகிறது. லாகின் ஆன கையோடு விண்டோஸ் டிரைவைத் தேடுகிறது. வைஃபை அதற்குச் சில நொடிகள் கழித்துத்தான் ரவுட்டரிடம் ஐபி முகவரி வாங்குகிறது. மின்தடை முடிந்து எல்லாக் கருவிகளும் ஒன்றாக எழும்போது இடைவெளி இன்னும் பெரிது. எஸ்எஸ்டி உள்ள கணினி அரை நிமிடத்துக்குள் தயாராகிவிடும், நாஸ் பெட்டி முழுதாக எழ ஓரிரு நிமிடமாவது ஆகும். ஆகவே வேலையை முகவரி, கணக்கு, நேரம் என்ற வரிசையில் செய்யுங்கள். முதல் இரண்டும் உறுதியாகாமல் மூன்றாவதில் கை வைத்தால் எது பிழை என்றே கண்டுபிடிக்க முடியாது.

இனி வரும் கட்டளைகளும் பட்டிப் பெயர்களும் தமிழ் எழுத்தில் இருந்தாலும், திரையில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும்.

முகவரி மாறாமல் இருக்கட்டும்

ரவுட்டர் தரும் ஐபி முகவரி நிரந்தரமல்ல. இன்று 192.168.1.50 ஆக இருக்கும் நாஸ், ரவுட்டரை அணைத்துப் போட்டால் 192.168.1.53 ஆகிவிடலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபி (முகவரிகளைத் தானாக வழங்கும்) பகுதிக்குப் போய் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' அல்லது 'ஸ்டேட்டிக் லீஸ்' என்பதைத் தேடுங்கள். நாஸின் மேக் முகவரியை, அதாவது இரண்டிரண்டாக எழுதிய 12 எழுத்து எண்ணை, ஒரு ஐபி முகவரியோடு பிணைத்துவிடுங்கள். ஒரே பெட்டிக்குக் கம்பிவழி இணைப்புக்கு ஒரு மேக் முகவரியும் வைஃபைக்கு வேறொன்றும் உண்டு. எதில் இணைத்திருக்கிறீர்களோ அதைத்தான் பதிய வேண்டும்.

இணைய நிறுவனம் கொடுத்த சில ரவுட்டர்களில் இந்த வசதி பூட்டப்பட்டிருக்கும். அப்போது நாஸிலேயே நிலையான முகவரியைக் கொடுங்கள். ரவுட்டர் தானாக வழங்கும் எண் வரம்புக்கு வெளியே அது இருக்க வேண்டும். ரவுட்டர் 100 முதல் 200 வரை வழங்குகிறது என்றால் 50ஐ எடுத்துக்கொள்ளலாம். வரம்புக்குள் ஓர் எண்ணை எடுத்தால் என்றைக்காவது ஒரு கைப்பேசிக்கும் அதே எண் போய்ச் சேரும். அன்று இரண்டுமே விட்டு விட்டுத்தான் வேலை செய்யும்.

முகவரிக்குப் பதில் பெட்டியின் பெயரைப் போடலாமா? போடலாம். ஆனால் வீட்டு நெட்வொர்க்கில் பெயரைக் கண்டுபிடிக்கும் முறைகள் பல, கணினி எழுந்த முதல் சில நொடிகளில் அவைதான் முதலில் தடுமாறும். தானியங்கி இணைப்புக்கு எண் முகவரியே பாதுகாப்பு.

பகிரும் பக்கத்தில் ஒரு தனிக் கணக்கு

நாஸில் நிர்வாகிக் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். குடும்பப் பயன்பாட்டுக்கென ஒரு பயனரை உருவாக்கி, தேவையான கோப்புறைக்கு மட்டும் படிக்கவும் எழுதவும் அனுமதி கொடுங்கள். பகிர்வுப் பெயர் சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். இங்கே 'ஃபேமிலி' என்று வைத்துக்கொள்வோம்.

பகிர்வது நாஸ் அல்ல, இன்னொரு விண்டோஸ் கணினி என்றால் கவனிக்க வேண்டியவை கூடும். அந்தக் கணினியில் நெட்வொர்க் வகை 'பப்ளிக்' என்று இருந்தால் ஃபயர்வால் கதவைச் சாத்திவிடும், 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். கடவுச்சொல்லே இல்லாத கணக்கால் நெட்வொர்க் வழியாக நுழைய முடியாது. விண்டோஸ் அத்தகைய கணக்குகளை நேரடியாக அந்தக் கணினியின் முன் உட்கார்ந்தால்தான் அனுமதிக்கும். நான்கு இலக்கப் பின் எண்ணும் இங்கே செல்லாது, அது அந்தக் கணினிக்குள் மட்டுமே பொருள்படும். பலர் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வது இந்தப் பின் எண்ணில்தான். பகிர்வுக்கென்று கடவுச்சொல் உள்ள ஓர் உள்ளூர்க் கணக்கை உருவாக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

அனுமதி இரண்டு இடங்களில் இருக்கிறது: கோப்புறையின் பண்புகளில் 'ஷேரிங்' தாவலில் ஒன்று, 'செக்யூரிட்டி' தாவலில் இன்னொன்று. இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். 'ஷேரிங்'கில் முழு உரிமை கொடுத்தும் எழுத முடியவில்லை என்றால் மற்ற தாவலைப் பாருங்கள். பகிரும் கணினி உறக்க நிலைக்குப் போகாதபடி மின் அமைப்பையும் மாற்றிவிடுங்கள். திரை அணையலாம், கணினி உறங்கக் கூடாது.

விண்டோஸில் இணைப்பது

முதலில் கடவுச்சொல்லைச் சேமியுங்கள், டிரைவை அப்புறம் இணைக்கலாம். கன்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' திறந்து, 'விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்' பகுதியில் புதிதாக ஒன்றைச் சேர்க்கவும். முகவரிக் கட்டத்தில் 192.168.1.50 மட்டும், முன்னால் சாய்கோடு வேண்டாம். பயனர்பெயருக்கு முன் பகிரும் கணினியின் பெயரையும் ஒரு பின்சாய்கோட்டையும் போட்டு 'நாஸ்பெயர்\பயனர்' என்று எழுதுவது நல்லது. வெறும் பயனர்பெயரை எந்தக் கணினியின் கணக்காக எடுத்துக்கொள்வது என்ற குழப்பம் வராது.

சேமித்த கடவுச்சொல் அந்த முகவரிக்கு மட்டுமே உரியது. எண் முகவரிக்குச் சேமித்துவிட்டு, டிரைவைப் பெயரால் இணைத்தால் விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகக் கருதாது, மீண்டும் கேட்கும்.

1. ஃபைல் எக்ஸ்புளோரரில் 'திஸ் பிசி' பக்கத்துக்குப் போங்கள். விண்டோஸ் 11ல் மேலே உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கினால் 'மேப் நெட்வொர்க் டிரைவ்' இருக்கும்.
2. டிரைவ் எழுத்தாக 'என்' அல்லது அதற்குப் பிந்தைய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 'ஈ', 'எஃப்' போன்ற முன்வரிசை எழுத்துகளை யுஎஸ்பி வட்டுகள் பிடித்துக்கொள்ளும். கணினியை இயக்கும்போது பென் டிரைவ் செருகியிருந்தால் உங்கள் நெட்வொர்க் டிரைவுக்கு இடம் இருக்காது.
3. கோப்புறைக் கட்டத்தில் \\192.168.1.50\ஃபேமிலி என்று எழுதுங்கள்.
4. 'ரீகனெக்ட் அட் சைன்-இன்' பெட்டியில் டிக் செய்து முடியுங்கள்.

கம்பிவழி இணைப்பில் இருக்கும் மேசைக்கணினிக்குப் பெரும்பாலும் இவ்வளவே போதும். இரண்டு மூன்று முறை மறுதொடக்கம் செய்து பாருங்கள். சிவப்புக் குறி வராவிட்டால் மேற்கொண்டு எதையும் தொட வேண்டாம். நாளின் நடுவே, 15 நிமிடம் போல் யாரும் தொடாத டிரைவில் அந்தக் குறி வந்தால் அது பிழையல்ல. சும்மா இருக்கும் இணைப்பைப் பகிரும் விண்டோஸ் கணினி துண்டித்துவிடும், தொட்டதும் மீண்டும் இணையும்.

லாகினுக்குப் பின் சற்றுப் பொறுத்து இணைப்பது

வைஃபையில் இருக்கும் மடிக்கணினிக்கு 'டாஸ்க் ஷெட்யூலர்' (குறித்த தருணத்தில் வேலைகளை ஓட்டும் விண்டோஸ் கருவி) வழிதான் உறுதியானது. அதற்கு முன், ஏற்கனவே இணைத்த டிரைவைத் துண்டித்துவிடுங்கள். டிக் பெட்டியும் டாஸ்க்கும் சேர்ந்து இருந்தால், விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும் செத்த இணைப்பு எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். டாஸ்க் 'பிழை 85' என்று சொல்லித் தோற்கும், அதாவது எழுத்து ஏற்கனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று.

புதிய டாஸ்க் ஒன்றை உருவாக்கி, தூண்டலாக 'அட் லாக் ஆன்' என்பதையும் தாமதமாக 30 நொடியையும் கொடுங்கள். 'ஆன் வொர்க்ஸ்டேஷன் அன்லாக்' என்று இரண்டாவது தூண்டலும் சேர்த்தால் உறக்கத்திலிருந்து எழும்போதும் வேலை செய்யும். செயல்பாட்டில் நிரலாக 'நெட்' என்றும், அதன் வாதங்களாக 'யூஸ் என்: \\192.168.1.50\ஃபேமிலி /பெர்சிஸ்டன்ட்:நோ' என்றும் எழுதுங்கள். கடவுச்சொல்லை இங்கே எழுதாதீர்கள், கிரெடென்ஷியல் மேனேஜரில் ஏற்கனவே இருக்கிறது.

இந்த டாஸ்க் ஓடாமல் போக இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டும் கண்ணில் படாத இடத்தில் இருப்பவை. 'கண்டிஷன்ஸ்' தாவலில் 'மின் இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு' என்ற பொருளுடைய பெட்டி தானாகவே டிக் ஆகியிருக்கும். பேட்டரியில் இயங்கும் மடிக்கணினியில் டாஸ்க் அசையாது. டிக்கை எடுத்துவிடுங்கள். மற்றொன்று முதல் தாவலில் உள்ள 'ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்'. பாதுகாப்பு கூடும் என்று நினைத்து இதை டிக் செய்தால், டிரைவ் இணையும், ஆனால் உங்கள் எக்ஸ்புளோரரில் தெரியாது. நிர்வாகி உரிமையோடு ஓடுபவற்றுக்கும் சாதாரண உரிமையோடு ஓடுபவற்றுக்கும் விண்டோஸ் தனித்தனி டிரைவ் பட்டியல் வைத்திருக்கிறது.

அதே காரணத்தால்தான் நிர்வாகியாக ஓடும் காப்பு நிரல்களும், பின்னணிச் சேவைகளும் 'என்:' டிரைவைக் காண்பதில்லை. அவற்றில் எழுத்துக்குப் பதில் \\192.168.1.50\ஃபேமிலி என்ற முழு முகவரியையே கொடுங்கள். சேவை வேறொரு கணக்கில் ஓடினால் அந்தக் கணக்குக்கும் பகிர்வில் நுழையும் உரிமை வேண்டும். உண்மையில் முழு முகவரியை ஏற்கும் எந்த நிரலுக்கும் டிரைவ் எழுத்து தேவையே இல்லை. புகைப்பட நிரல் போன்றவை தொடக்கத்திலேயே 'என்:' டிரைவைத் தேடி, காணாமல், நூலகமே தொலைந்துவிட்டது என்று அறிவிப்பதும் இதனால் குறையும்.

பிழை எண் சொல்வது என்ன

இணையவில்லை என்றால் கட்டளைச் சாளரத்தில் 'நெட் யூஸ்' கட்டளையைக் கையால் கொடுத்துப் பாருங்கள். எக்ஸ்புளோரர் மழுப்பும் இடத்தில் இது எண்ணோடு பதில் சொல்லும். 53 வந்தால் எதிர்முனையையே எட்ட முடியவில்லை: பெட்டி அணைந்திருக்கிறது, முகவரி மாறிவிட்டது, அல்லது கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பி பயன்படுத்தும் 445ஆம் போர்ட்டை ஃபயர்வால் தடுக்கிறது. 67 என்றால் பெட்டி கிடைத்துவிட்டது, பகிர்வுப் பெயர் தவறு. 86 கடவுச்சொல் பிழை. 5 வந்தால் அனுமதி இல்லை.

1219 தனி ரகம். ஒரே பெட்டியோடு ஒரே நேரத்தில் இரண்டு வேறு பயனர்பெயர்களில் இணைய விண்டோஸ் விடாது. முன்பு விருந்தினராக ஒரு கோப்புறையைத் திறந்து பார்த்திருப்பீர்கள், அந்த இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கும். 'நெட் யூஸ் * /டெலீட்' கொடுத்து எல்லாவற்றையும் துண்டித்து மீண்டும் இணையுங்கள்.

2024ல் வந்த விண்டோஸ் 11ன் 24எச்2 பதிப்புக்குப் பிறகு திடீரென்று இணைய மறுத்தால் காரணம் வேறு. அதன் ப்ரோ பதிப்பு கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை இயல்பாகவே தடுக்கிறது, ஒவ்வொரு எஸ்எம்பி இணைப்பிலும் கையொப்பம் கேட்கிறது. நாஸில் பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் இருந்தால் முதல் தடை இல்லை. நாஸின் மென்பொருளைப் புதுப்பித்தால் இரண்டாவதும் பெரும்பாலும் விலகும். யுஎஸ்பி வட்டைச் செருகிப் பகிரும் பழைய ரவுட்டர்கள்தான் சிக்கல். அவற்றில் பல எஸ்எம்பியின் முதல் பதிப்பை மட்டுமே பேசும். 2017ல் வந்த விண்டோஸ் 10ன் 1709 பதிப்பிலிருந்து அது புதிய நிறுவல்களில் இயல்பாக இடம்பெறுவதில்லை. அதே ஆண்டு மே மாதம் உலகைச் சுற்றிய வான்னாக்ரை நச்சுநிரல் அந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதை மீண்டும் இயக்கச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். வட்டை ரவுட்டரிலிருந்து பிடுங்கி ஒரு பழைய கணினியிலோ ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலோ செருகிப் பகிர்வதே சரியான வழி.

லினக்ஸில்: தொட்டால் மட்டும் இணையட்டும்

உபுண்டு, டெபியன் வகைகளில் முதலில் 'சிஐஎஃப்எஸ்-யுடில்ஸ்' தொகுப்பை நிறுவுங்கள். அது இல்லாவிட்டால் 'பேட் ஆப்ஷன்' என்று சம்பந்தமில்லாத பிழை வரும். /எம்என்டி/ஃபேமிலி என்று ஒரு வெற்றுக் கோப்புறை உருவாக்குங்கள். பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் /இடிசி அடியில் ஒரு தனிக் கோப்பில் 'யூசர்நேம்=', 'பாஸ்வேர்ட்=' என இரண்டு வரிகளாக, சமக்குறியைச் சுற்றி இடைவெளி விடாமல் எழுதி, ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கு உரியதாக்கி, அனுமதியை 600 ஆக்குங்கள். எந்த டிரைவ் எங்கே இணைய வேண்டும் என்று குறிக்கும் /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பை அந்தக் கணினியின் எந்தப் பயனரும் படிக்கலாம். கடவுச்சொல்லை அங்கே வைக்கக் கூடாது.

எஃப்எஸ்டேப்பில் சேர்க்கும் ஒற்றை வரியில் ஆறு புலங்கள். முதலாவது //192.168.1.50/ஃபேமிலி, அடுத்தது /எம்என்டி/ஃபேமிலி, மூன்றாவது 'சிஐஎஃப்எஸ்', கடைசி இரண்டும் 0. நான்காவதில்தான் சூட்சுமம். இவற்றைக் காற்புள்ளியிட்டு, நடுவில் இடைவெளி இல்லாமல் எழுதுங்கள்:

கிரெடென்ஷியல்ஸ்=/இடிசி/கோப்பின்பெயர்
யுஐடி=1000
ஜிஐடி=1000
_நெட்டெவ்
நோஃபெயில்
எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்
எக்ஸ்-சிஸ்டம்டி.மவுண்ட்-டைம்அவுட்=10

யுஐடி, ஜிஐடி (பயனர், குழு எண்கள்) இல்லாவிட்டால் எல்லாக் கோப்புகளும் ரூட்டுக்குச் சொந்தமாகத் தெரியும், உங்களால் எழுத முடியாது. முதல் பயனரின் எண் வழக்கமாக 1000. 'ஐடி' கட்டளையால் சரிபாருங்கள். நோஃபெயிலையும் ஆட்டோமவுண்டையும் விட்டுவிட்டால், நாஸ் அணைந்திருக்கும் நாளில் கணினி எழுவது அந்த இணைப்புக்காகக் காத்துத் தாமதமாகக்கூடும்.

நோஃபெயில் மட்டும் போதாதா? போதாது. நாஸ் இல்லாத நாளில் கணினி எழுந்துவிடும், ஆனால் /எம்என்டி/ஃபேமிலி சாதாரணக் கோப்புறையாக நிற்கும். காப்பு நிரல் அதிலேயே எழுதத் தொடங்கி, உள்வட்டை நிரப்பும். நாஸ் இணைந்ததும் அந்தக் கோப்புகள் அதன் அடியில் மறைந்துபோகும். வட்டு ஏன் நிறைந்தது என்று தேடினாலும் தென்படாது. ஆட்டோமவுண்டில் முதல் தொடுகையின்போதுதான் இணைப்பு நடக்கும், நாஸ் கிடைக்காவிட்டால் எழுதும் நிரலுக்குப் பிழை திரும்பும். தரவு தவறான இடத்தில் சேர்வதை விடப் பிழை வருவது எவ்வளவோ மேல்.

'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை' கொடுத்து வரியைச் சோதித்து, 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', பிறகு 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் ரிமோட்-எஃப்எஸ்.டார்கெட்' ஓட்டி, அந்தக் கோப்புறையைத் திறந்து பாருங்கள். பிழை 13 கணக்கோ கடவுச்சொல்லோ தவறு என்பதையும், பிழை 2 பகிர்வுப் பெயர் தவறு என்பதையும் சொல்லும். 112 'ஹோஸ்ட் டவுன்' என்று சொன்னாலும் பெட்டி உயிரோடு இருக்கலாம். பெரும்பாலும் எஸ்எம்பி பதிப்பு பொருந்தாதபோது வருவது அது.

மேக்கில்

ஃபைண்டரில் கமாண்ட்-கே அழுத்தி, எஸ்எம்பி://192.168.1.50/ஃபேமிலி என்று கொடுத்து, கடவுச்சொல்லைக் கீசெயினில் சேமியுங்கள். பின் 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'லாகின் ஐட்டம்ஸ்' பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் டிரைவை அந்தப் பட்டியலுக்குள் இழுத்துப் போட்டால் முடிந்தது. லாகினின்போது மட்டுமே இது இணைக்கும், நடுவில் அறுந்தால் மீண்டும் தொட வேண்டும். டிரைவ் 'ஃபேமிலி-1' என்ற பெயரில் வந்தால் வால்யூம்ஸ் கோப்புறைக்குள் பழைய 'ஃபேமிலி' மிச்சமிருக்கிறது. அது வெறுமையாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு நீக்குங்கள்.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

டிரைவ் இணைந்த பிறகும் சில கோப்புகள் மட்டும் நகலாகாமல் அடம்பிடிக்கும். பெயரின் நீளம்தான் காரணமாக இருக்கும். விண்டோஸில் பெயருக்கு 255 எழுத்துக்குறிகள் இடம். நாஸ் பெட்டிகளில் வழக்கமான எக்ஸ்ட்4, பிட்ஆர்எஃப்எஸ் கோப்பமைப்புகளில் 255 பைட். ஒரு தமிழ் எழுத்துக்குறி யுடிஎஃப்-8ல் 3 பைட் எடுக்கும், புள்ளியும் கால் கொம்புகளும் தனித்தனிக் குறிகள். ஆக 85 குறிகளுக்கு மேல் போகாது. இஈகிரிப்ட்எஃப்எஸ் முறையில் மறையாக்கம் செய்த கோப்புறையானால் 143 பைட், அதாவது 47 குறிகள்தான். திருமணப் படங்களுக்கு நீளமாகப் பெயர் வைத்தவர்கள் இதில் இடிப்பார்கள்.

ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களில் இன்னொரு சங்கதி. 'கோ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பையும் காலையும் இரு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக் வட்டுகளின் எச்எஃப்எஸ்+ அமைப்பு பிரித்தே சேமிக்கும். அவற்றிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் மூலம் நாஸுக்கு ஏற்றினால் 'கோவில்' என்ற பெயரில் பார்வைக்கு ஒன்றான இரண்டு கோப்புறைகள் வரலாம். ஆர்சிங்கின் 'ஐகான்வ்' விருப்பத்தால் ஏற்றும்போதே ஒன்றாக்கிவிடலாம்.

எதை இணைக்கக் கூடாது

காப்புப் பிரதிகள் இருக்கும் பகிர்வைத் தானாக இணைக்கவே வேண்டாம். பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் நச்சுநிரல் ஒரு கணினிக்குள் நுழைந்தால், அந்தப் பயனரால் எழுத முடிகிற ஒவ்வொரு டிரைவையும் பூட்டும். 'என்:' டிரைவும் அதில் ஒன்று. காப்புக்கு வேறு பகிர்வு, வேறு பயனர், அந்தக் கடவுச்சொல் காப்பு நிரலுக்குள் மட்டும். கிரெடென்ஷியல் மேனேஜரில் அது இருக்கக் கூடாது. நாஸில் ஸ்னாப்ஷாட் வசதி (கோப்புகளின் முந்தைய நிலையைப் பதிந்துவைப்பது) இருந்தால் இயக்கிவைத்து, அதை அழிக்கும் உரிமையை நிர்வாகிக்கு மட்டும் விடுங்கள். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் 445ஆம் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள், அதற்கு விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் ரவுட்டர், நாஸ், கணினி மூன்றையும் முறையாக அணைத்து, மூன்றையும் ஒரே நேரத்தில் இயக்குங்கள். மின்தடைக்குப் பின் வரும் நிலை இதுதான். 30 நொடித் தாமதத்தில் டிரைவ் வரவில்லை என்றால் நாஸ் எழ எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்து அளந்து, டாஸ்க்கின் தாமதத்தை அதற்கு ஒரு நிமிடம் கூடுதலாக வையுங்கள்.